ஸைனம்பு மாமியின் நட்சத்திர மோதிரம்

எழுபத்தெட்டாம் ஆண்டு எங்கள் ராத்தாவின் கலியாணத்துக்கு மோதிரம் இரவல் வாங்கப் போன இடத்தில்தான் ஸைனம்பு மாமியை முதன்முதலில் கண்டேன். வரிப்பத்தான்சேனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் பஸ் மாறி வரவேண்டும். பேராதனையில் பட்டம் எடுத்து வந்து, நியமனத்துக்குக் காத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் விஞ்ஞானப் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். ஊரார் அதை மறந்தாலும் நான் மறப்பதில்லை. அப்படிப்பட்டவனை இரவல் மோதிரத்துக்கு அனுப்புவதா என்று உம்மாவிடம் முணுமுணுத்தேன்.

“பட்டம் எடுத்தா என்ன, பஸ் ஏறத் தெரியாதா?” என்றார் உம்மா. “ஸாலிஹாட ராத்தாட மகன் எண்டு சொல்லு. கேட்டவன் எல்லாருக்கும் அவ குடுக்கமாட்டா.”

ஸாலிஹா என் உம்மாவின் தங்கை, எனக்குச் சாச்சி. கல்முனைக்குடியில் இருப்பவர்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்கிறவர். கலியாணத்தன்று வாசலில் பெண்ணின் சகோதரன் அவருடைய காலைக் கழுவி, விரலில் ஒரு மோதிரம் போட்டு உள்ளே அழைத்து வருவான். ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பதால் வெள்ளி மோதிரம், கல் வைத்தது. கல் வாங்க வழியில்லாத வீடுகள் ஸைனம்பு மாமியிடம் வாங்கிப் போட்டு, ஏழாம் நாள் திருப்பிக் கொடுக்கும். வழியுள்ள வீடுகளும் அவரிடம்தான் போயின. காரணம், அந்தக் கல்லுக்குள் ஒரு நட்சத்திரம் இருந்தது.

கடற்கரைப் பக்கம் நீண்ட வளவு, நடுவில் கிடுகு வீடு. கொடியில் சிவப்பும் ஊதாவுமாய்ச் சாயம் போட்ட பன் புல் காய்ந்துகொண்டிருந்தது. மாமி தரையில் இருந்து பாய் பின்னிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். என்னைக் கண்டு எழும்பவில்லை.

“ஸாலிஹாட ராத்தாட மகனா? படிச்ச புள்ள எண்டு சொல்லுற ஆளு நீதானா?”

“ஓம் மாமி.”

“என்ன படிச்ச?”

“பௌதிகம்.”

“அது என்ன சாமான்?”

“வெளிச்சம், சூடு, சத்தம், கரண்ட்… இதெல்லாம் எப்பிடி நடக்குது எண்டு பார்க்கிறது.”

“பார்த்து?”

மாமி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தார். பஞ்சுக்குள் மோதிரம். கல் புறாவின் கழுத்து நிறம். கண்ணாடிபோல் தெளிவானதல்ல, நீலத்தில் பால் விட்டுக் கலக்கியது போன்றது. பட்டை வெட்டாமல் முட்டையின் மேற்பாதிபோல் குவிந்திருந்தது. கூரைக்குக் கீழே அதில் ஒன்றும் தெரியவில்லை. இதற்கா இவ்வளவு பெயர் என்று நினைத்தேன்.

“முகத்தப் பாரு, பிடிக்கல்ல போல” என்று சொல்லி மாமி வாசலுக்கு வந்து மோதிரத்தை வெயிலில் நீட்டினார்.

கல்லின் உச்சியில் ஆறு கால் வெள்ளை நட்சத்திரம் ஒன்று நின்றது. அவர் கையைச் சரிக்க, அது கல்லுக்குள் ஊர்ந்து ஓரத்துக்குப் போனது. நிமிர்த்த, திரும்பி உச்சிக்கு வந்தது.

“கதை ஒண்டு இரிக்கி, அதச் சொல்லாமத் தரமாட்டன்” என்றார். “பொய்க்காரன்ட விரலுக்குப் போனா இந்த நட்சத்திரம் கண்ண மூடிக்கும். நீ போட்டுப் பாரு.”

போட்டேன். நட்சத்திரம் அப்படியே நின்றது. மாமி குனிந்து பார்த்தார்.

“ம். படிச்சது மெய்தான்.”

மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன நாளில் நான் ஆயத்தமாகப் போனேன். இடையில் கல்முனை நூலகத்தில் வாசித்திருந்தேன். மாமியின் கல் நீலம்; நீலமும் மாணிக்கமும் ஒரே பொருள்தான். சிவந்தால் மாணிக்கம், மற்றது நீலம். வைரத்துக்கு அடுத்த கடினம் இதற்குத்தான். அந்தப் பொருளுக்கு உலகம் முழுவதும் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் நம்முடைய குருந்தத்திலிருந்து போனது என்று வாசித்தபோது, நானே கொடுத்து அனுப்பியதுபோல் இருந்தது. அதன் தூளை ஒட்டிய தாளால்தான் இரும்பைத் தேய்க்கிறார்கள். கைமணிக்கூட்டுக்குள் சக்கரங்களின் முனை தேயாமல் தாங்குகிற சின்னஞ்சிறு கற்களும் அதுவே, தொழிற்சாலையில் செய்தவை. இதையெல்லாம் மாமியிடம் ஒப்புவித்தேன்.

மாமி கேட்டுக்கொண்டே மோதிரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் கல் சீக்கிரம் சூடாகும், இது குளிர்ந்தே இருக்கும். பிறகு ஒரு முறை ஊதினார். கல்லில் படிந்த ஆவி உடனே ஓடி மறைந்தது. கடைசியாகக் குப்பி விளக்கைப் பற்றவைத்து நட்சத்திரத்தைப் பார்த்தார். திரும்பி வருகிற ஒவ்வொரு முறையும் இந்த மூன்றும் நடக்கும்.

“இதுக்குள்ள மயிரிலும் மெல்லிய ஊசியள் கோடிக்கணக்கில படுத்துக் கிடக்கு மாமி” என்றேன். “மூண்டு பக்கமா. கல் வெட்டுற ஆக்கள் அதப் பட்டு எண்டு சொல்லுவாங்க. அதில வெளிச்சம் பட்டுத்தான் ஆறு கால் வருது.”

“மூண்டு பக்கமாவா?” பாயைப் பார்த்தார். “நான் ரெண்டு பக்கமாப் பின்னியே இடுப்பு போகுது. மூண்டு பக்கமெண்டா எவ்வளவு பன் வேணும்!”

அந்த வருட முடிவில் எனக்குக் கல்முனையில் ஆசிரியர் நியமனம் கிடைத்து, ஸாலிஹா சாச்சி வீட்டில் தங்கினேன். அதனால் மாமியின் மற்றக் கதைகளும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தன.

மாமியின் கணவர் அப்துல் ஸமட், அறுபதுகளில் இரத்தினபுரிக் குழிகளில் தண்ணீர் இறைக்கப் போனவர். பங்கு பிரித்தபோது நல்ல கல்லெல்லாம் காசு போட்டவர்களுக்குப் போக, கலங்கல் கல் ஒன்று இவருக்கு விழுந்தது. பேருவளை வெட்டுக்காரர் ஒருவர் அதை ஈரமாக்கி உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, பட்டை போடாமல் குவித்து மினுக்கிக் கொடுத்தாராம். அடிப்பக்கம் எதுவென்று கண்டுபிடிப்பதில்தான் வேலை. கொஞ்சம் பிசகினால் நட்சத்திரம் உச்சியில் நிற்காது.

காரைதீவுப் பத்தர் கனகரெத்தினம்தான் வெள்ளியில் பதித்தவர். அவர் முதலில் கல்லைத் தொட மறுத்தாராம்.

“நீலம் சனி பகவான்ட கல்லு, தம்பி. மூண்டு ராவைக்குத் தலகாணிக்குக் கீழ வெச்சுப் படுங்க. கெட்ட கனவு கண்டா இஞ்சால கொண்டு வராதீங்க.”

“எனக்குக் கனவே வராது பத்தர். ஸைனம்பு விடியும் வரைக்கும் கதைச்சிட்டே இரிப்பா” என்று ஸமட் சொல்ல, பத்தர் சிரித்துவிட்டுக் கல்லை வாங்கிக்கொண்டாராம். கனவு விசாரணை அதோடு முடிந்தது.

எழுபதில் ஸமட் காய்ச்சலில் மௌத்தானார். ஒரே மகன் நிந்தவூரில் கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு போய்விட்டான். மாமிக்கு மிஞ்சியது வளவும், பன்னும், இந்த மோதிரமும்.

மோதிரத்துக்கு மாமி வாடகை வாங்குவதில்லை. ஆனால் இரவல் வாங்கும் வீடு கலியாணப் பாயை அவரிடம்தான் சொல்லும். அது எழுதாத சட்டம். கலியாண வீட்டில் பெண்ணின் உம்மாவுக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் இருக்கும். பாய் பின்னுகிற ஒரு விதவைக்கு வேறெந்த வழியிலும் கிடைக்காத இடம் அது.

பொய்க்காரன் கதை எங்கிருந்து வந்தது என்பதை அவர் வாயால்தான் அறிந்தேன். இரவல் கொடுக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு வீட்டார் ஏழாம் நாள் கடந்தும் மோதிரத்தைத் தரவில்லை. ஆள் அனுப்பி அனுப்பி மாமி களைத்துப்போனார். அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது, “நாள் கடந்து வெச்சிரிந்தா நட்சத்திரம் கண்ண மூடிக்கும்” என்று ஒரு போடு போட்டார். அந்த இடத்தில் கட்டிய கதைதான். அடுத்த தெருவுக்குப் போனபோது அது, ஏமாற்றுகிறவன் கையில் மூடிக்கொள்ளும் என்று ஆனது. இன்னொரு தெருவில் பொய்க்காரன் என்று ஆனது. கடைசியில் மாப்பிள்ளையின் மனத்தில் ஏதும் மறைவு இருக்கிறதா என்று பார்க்கிற சடங்காகவே முடிந்தது. மாப்பிள்ளை வந்து இருந்ததும் மாமியார் அவர் கையைப் பிடித்து விளக்கடியில் காட்டுவார். பெண்கள் கூடி நின்று எட்டிப் பார்ப்பார்கள். “இரிக்கி, இரிக்கி!” என்றதும் குரவை எழும். மாமியும் மறுக்கவில்லை. ஊர் சொன்னபடியே தானும் சொல்லத் தொடங்கினார்.

அந்த நட்சத்திரம் எந்த மாப்பிள்ளைக்கும் மூடியதில்லை, எண்பத்திரண்டு வரைக்கும்.

அந்த வருடம் சிறுபோகம் வெட்டி முடிந்த கையோடு ஸாலிஹா சாச்சியின் ஒரே மகள் ஸுல்பிகாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை உதுமாலெவ்வை பொத்துவில் ஆள். கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் ஆறேழு வருடம் நின்றவர். சவூதிக்கு விசா வந்து, கலியாணம் முடிந்த அடுத்த சனிக்கிழமை புறப்பட இருந்தார். வெளியூர் ஆள் என்பதால் அவரைப் பற்றி ஒரு முணுமுணுப்பு முன்பே இருந்தது. கொழும்பு மருதானையில் ஒரு பெண்ணோடு அவரைக் கண்டதாக அக்கரைப்பற்றுச் சந்தையில் யாரோ சொன்னார்களாம். சாச்சி விசாரித்துப் பார்த்து, அது கடை முதலாளியின் மனைவி என்று அறிந்து விட்டுவிட்டார். ஆனால் முணுமுணுப்பு சாகவில்லை, படுத்துக் கிடந்தது.

சாச்சியின் கணவர் முகைதீன்பாவாவுக்கு நெல் மில் இருந்தது. மகளின் கலியாணத்துக்காக நடு மண்டபத்தில் நாலு பக்கமும் டியூப் லைட் அடித்திருந்தார். எங்கள் தெருவில் அதுவரை குண்டு பல்புதான். வருகிற ஆள் ஒவ்வொருவரையும் மண்டபத்தின் நடுவில் நிறுத்தி, “நிழல் விழுதா பாருங்க! எங்க நிண்டாலும் விழாது” என்று காட்டினார் சாச்சா.

ஸுல்பிகாவுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லாததால் நான்தான் காக்கா, அண்ணன் முறை. மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரத்தைப் போட்டவன் நான். அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவரை மண்டபத்தில் இருத்தினார்கள். சாச்சி மருமகனின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

நட்சத்திரம் இல்லை.

“கையக் கொஞ்சம் சரிங்க மகன்.”

சரித்தார். இல்லை. மறுபக்கம் திருப்பினார். கல் பால் நீலமாய் ஒரு கூழாங்கல்போல் கிடந்தது. பின்னால் நின்ற பெண்கள் ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் எட்டினார்கள்.

“மூடிட்டு” என்றது ஒரு குரல்.

“என்ன மூடிட்டு?” என்று மாப்பிள்ளை சிரித்தபடி கேட்டார். பொத்துவில்காரருக்கு இந்தக் கதை தெரியாது. சாச்சியின் ஒன்றுவிட்ட ராத்தா ஒருவர் ஒளிவு மறைவின்றி அதைச் சொல்லி முடித்தார். மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

“ஸாலிஹா,” சாச்சியின் பக்கத்தில் இருந்த ஸைனம்பு மாமி எழும்பினார். “இந்த லைட்ட நூத்துப்போட்டு ஒரு விளக்கக் கொண்டா.”

“கலியாண வீட்ட இருட்டாக்கவா? என்ன கதை கதைக்கிறீங்க ராத்தா!”

“விளக்கக் கொண்டுவந்து ஓதி ஊதி நட்சத்திரத்த எழுப்பப் போறாவாக்கும்” என்றார் பின்னால் ஒருத்தி. மாமி திரும்பிப் பார்த்துவிட்டு இருந்துகொண்டார்.

காரணம் எனக்கு அப்போதே பிடிபட்டது. சாச்சாவை ஒரு பக்கம் கூட்டிப்போய், குற்றம் மாப்பிள்ளையில் இல்லை, விளக்கில் என்று சொன்னேன்.

“உங்கட பௌதிகத்தப் பள்ளிக்கூடத்தில வையுங்க மகன். இவ்வளவு செலவழிச்சு அடிச்ச லைட்டா குத்தம்?”

மாப்பிள்ளை மோதிரத்தைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்தார். “உரிய ஆளுக்கிட்டக் குடுங்க. நான் இனி இதத் தொடமாட்டன்.”

மூன்று நாளில் மருதானைப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன. பள்ளிவாசலுக்குப் போனால் ஆட்கள் ஸலாம் சொல்லிவிட்டு முகத்தைப் படிக்கிறார்கள் என்று உதுமாலெவ்வை என்னிடம் சொன்னார். பிறகு வெளியே போகாமல் விட்டார். சாப்பாட்டை அறைக்குள் எடுத்தார். வெயிலில் மோதிரத்தைப் போட்டுக் காட்டும்படி நான் கேட்டேன். “சோதினைக்கு நிக்க நான் என்ன கள்ளனா மச்சான்?” என்று அந்தப் பேச்சை வெட்டிவிட்டார்.

ஸுல்பிகாவிடம் சொன்னது இது: “சனிக்கிழம போனா நான் இந்த ஊருக்குத் திரும்பி வரமாட்டன். என்னோட இரிக்கிறதெண்டா நீ பொத்துவிலுக்கு வா.”

வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டை விட்டுவிட்டு மாப்பிள்ளை ஊருக்குப் போவதென்றால் எங்கள் பக்கத்தில் அது பாதி விவாகரத்து. ஸுல்பிகா சாப்பிடாமல் கிடந்தாள்.

புதன்கிழமை நான் மோதிரத்தைக் கொண்டுபோனேன். மாமி கன்னத்தில் வைக்கவில்லை, ஊதவுமில்லை. வெயிலில் ஒருமுறை பார்த்தார். நட்சத்திரம் நின்றது.

“அந்த வெளிச்சம் என்ன வெளிச்சம், மனே?”

“ஒரு இடத்தில இருந்து வாற வெளிச்சமெண்டாத்தான் நட்சத்திரம் விழும், மாமி. சூரியன், விளக்கு, குண்டு பல்பு எல்லாம் அப்பிடி. டியூப் நீளத்துக்கு எரியுது. நாலு பக்கமும் அடிச்சா எல்லாப் பக்கத்தாலயும் வெளிச்சம். நட்சத்திரம் கலைஞ்சு போகும்.”

“ஓம். மழை மப்புலயும் இது இப்பிடித்தான் கிடக்கும். எனக்குத் தெரியும்.”

“அப்ப அண்டைக்கே சொல்லிரிக்கலாமே?”

“விளக்கு கேட்டன்தானே.”

“கேட்டீங்க. கதை நீங்க கட்டினதெண்டு சொல்லல்ல.”

மாமி பாயில் குனிந்து ஒரு வரி பின்னினார். இன்னொரு வரி பின்னினார்.

“அதச் சொன்னா இது வெறும் கல்லாப் போகும் மனே. வெறும் கல்லுக்காக என்ன ஆர் கலியாண வீட்டுக்குள்ள முன்னுக்கு இருத்துவா? பாய்க்கு ஆர் வருவா?”

நான் ஸுல்பிகாவின் நிலையைச் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. நான் எழும்பும்போது மாமி கேட்டார்:

“வெள்ளிக்கிழமதானே ஏழாம் நாள் சாப்பாடு?”

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் சாச்சி வீட்டு மண்டபத்தில் கூடினார்கள். சாச்சா பிடிவாதமாக எல்லா லைட்டையும் போட்டிருந்தார். நான் குசினி வாசலில் பரிமாறுகிற தட்டுகளோடு நின்றேன். மாமி வந்தார். சாச்சியின் பக்கத்தில் வழமையான இடத்தில் வேறொருவர் இருந்தார், நகரவில்லை. மாமி நேரே போய் டியூப் லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. நட்சத்திரம் கண்ண மூடுற கதை நான் கட்டின கதை. மோதிரத்த நேரத்துக்குத் திருப்பித் தரவேணுமெண்டு பயம் காட்டக் கட்டினது. அந்த மாப்புளையில ஒரு குத்தமும் இல்ல.”

ஒரு சலசலப்பு. பிறகு ஒருத்தி, “பாவம், ஸாலிஹாட முகத்துக்காகச் சொல்லுறா” என்றாள். “ஓம் ஓம், பொண்ணுக்காகத்தான்” என்றாள் மற்றவள். “நல்ல மனசு ராத்தாக்கு.” மாமியின் வாக்குமூலத்தை அவர்கள் அவருடைய நல்ல குணத்துக்கு வரவு வைத்தார்களே தவிர நம்பவில்லை. கட்டியவரே கலைக்க முடியாத அளவுக்குக் கதை இறுகிப்போயிருந்தது.

மாமி சுற்றிப் பார்த்தார். சுவரோரம் சித்தி லைலா என்பவர் இருந்தார். அந்த மண்டபத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர். அவர் முன்னால் உரக்கத் தும்முவதற்கும் யோசிப்பார்கள்.

“லைலா, கையத் தா.”

“என்னத்துக்கு?”

“தாவன்.”

மாமி மோதிரத்தை அவர் விரலில் போட்டு, கையைப் பிடித்து லைட்டுக்குக் கீழே உயர்த்தினார். “இப்ப வந்து பாருங்க.”

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு இரண்டு பேர் வந்தார்கள். கல் பால் நீலமாய்க் கிடந்தது.

“யா அல்லா” என்றாள் ஒருத்தி, வாயைப் பொத்திக்கொண்டு.

சித்தி லைலா தன் கையைத் தானே பார்த்தார். முகம் இறுகியது. இப்போது என்ன நடக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

“அப்ப என்ட மறைவு என்ன ஸைனம்பு?” என்றார். “நானும் மருதானையில குடும்பம் வெச்சிரிக்கனா?”

மண்டபம் வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை அந்த வீட்டில் நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை. “எனக்குப் போடுங்க!” “தள்ளு, எனக்கு முதல்ல!” என்று கைகள் நீண்டன. மோதிரம் விரல் விரலாகப் போனது. ஒருவர் கையிலும் நட்சத்திரம் இல்லை. சாச்சிக்குச் சுண்டு விரலில்தான் நுழைந்தது, அங்கேயும் இல்லை. “எல்லாரும் கள்ளியள்தான்” என்று சித்தி லைலா தீர்ப்புச் சொன்னார். “ஸாலிஹா, லைட்ட நூரு. விளக்கக் கொண்டா.”

இந்த முறை சாச்சி ஒன்றும் சொல்லாமல் சுவிட்சைத் தட்டினார். குப்பி விளக்கு வந்ததும், சித்தி லைலாவின் விரலில் நட்சத்திரம் எழும்பி நின்றது.

வெளி விறாந்தையில் இருந்த உதுமாலெவ்வை சிரிப்புச் சத்தம் கேட்டு என்னிடம் விசாரித்தார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒரு கிழமையா என்னக் கொன்னிட்டு, இப்ப சிரிக்கிறாங்களா?”

ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அறையிலிருந்து வெளியே வந்து சாச்சாவோடு ஒரே சஹன் தட்டில் சாப்பிட இருந்தார். ஸுல்பிகாவும் உள்ளே சாப்பிட்டாள். சனிக்கிழமை பஸ் ஏறும்போது, “இவவ எங்கயும் அனுப்பாதீங்க. நான் இங்கதான் வருவன்” என்று சாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார். எண்பத்தைந்தில் வந்தார். இப்போது கல்முனையில் இரும்புக் கடை போட்டிருக்கிறார். இரண்டு பிள்ளைகள். பொத்துவிலில் உள்ள அவர் வீட்டாரிடம் இன்றும் அந்த நாளைப் பற்றிக் கதைக்க முடியாது, கோபம் ஆறவில்லை.

மாமி சொன்னபடியே நடந்தது. யாரும் அவரோடு கோபிக்கவில்லை. ஆனால் மோதிரத்துக்கு ஆள் வருவது நின்றுபோனது. விளக்கைப் பொறுத்து வந்துபோகிற நட்சத்திரத்தை எந்த மாமியார் பார்ப்பார்? அந்தக் கலியாணத்துக்குப் பிறகு இரண்டு வீடுகள் கேட்டதாக நினைவு, பிறகு அதுவும் இல்லை. கலியாணப் பாய்க்கு வந்தவர்களும் குறைந்தார்கள். முகைதீன்பாவா சாச்சா தன் மில்லில் நெல் காயப்போடப் பெரிய பாய்கள் சொன்னார். அழகு வேண்டாத, சாயம் போடாத பாய்கள். மாமி அவற்றைப் பின்னினார்.

ஒரு நாள் கேட்டேன்: “கவலையா மாமி?”

“கவலை என்னத்துக்கு? இப்ப கலியாண வீட்டில பின்னுக்கு இரிந்து சாப்பிடுறன். முன்னுக்கு வெச்ச அதே கறிதான் பின்னுக்கும் வருது.”

சொல்லிவிட்டுப் பன்னை வகிர்ந்தார். கவலை இல்லை என்று நான் எழுதமாட்டேன்.

எண்பத்தாறில் பேருவளைக் கல் வியாபாரி ஒருவர் எங்கள் பக்கம் வந்தார். மாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார், விலை பேசும்போது பக்கத்தில் இருக்க. வியாபாரி பையிலிருந்து சின்ன டோர்ச்சை எடுத்து, கதவைச் சாத்தச் சொல்லி, கல்லின் மேல் ஒற்றை வெளிச்சத்தைப் பிடித்தார். ஆறு காலும் ஒடியாமல் நின்றன. கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“நல்ல பட்டு ஓடுது” என்றார். “உம்மா, இந்தக் கல்லுக்குக் கதை ஏதும் இருக்கா? கதையுள்ள கல்லுக்கு வெளிநாட்டுக்காரன் கூடக் குடுப்பான்.”

மாமி என்னைப் பார்க்கவில்லை.

“ஒரு கதையும் இல்ல” என்றார். “கல்லுதான்.”

விற்ற காசில் வளவுக்குள் கல் கிணறு கட்டினார், கிடுகுக் கூரையை ஓடாக மாற்றினார்.

இதை எழுதும் எண்பத்தெட்டில் ஸைனம்பு மாமிக்கு ஐம்பத்தாறு வயதிருக்கும். சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் அதே வளவில் தனியாக இருக்கிறார். மில்லுக்குப் பாய் பின்னுகிறார். வெள்ளிக்கிழமைகளில் நிந்தவூருக்கு மகனைப் பார்க்கப் போய் வருகிறார்.